பின்னிருக்கை: 61.4

1

இக்கதை ஒரு கட்டுரையாகத்தான் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மாத இதழ் ஒன்றின் ஆசிரியர், "ஆளரவமற்ற நிலப்பரப்பில் மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் செல்வோர் எடுத்துச் செல்ல வேண்டிய பொருள்கள்" என்னும் தலைப்பில் ஒரு பக்கம் கேட்டிருந்தார். நான் மோட்டார் சைக்கிளில் சென்ற மிகத் தொலைவான இடம் பல் மருத்துவமனை. அதுவும் பின்னால் அமர்ந்து. ஆயினும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை ஆகிய மூன்றும் முறையாக அமைந்துவிட்டால் எதைப் பற்றியும் எழுதலாம் என்பது என் உறுதியான நம்பிக்கை. ஆகவே ஒரு குறிப்பேட்டையும் இரண்டு பேனாக்களையும் எடுத்துக்கொண்டு, மூன்று தெரு தள்ளிப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் சென்றேன். அந்த வறண்ட சாலையில் நான்கு முறை போய்வந்தவர் அவர்.

அவர் ஒரு வண்டியின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டபடியே சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். [அவர் சொன்னது "செயின்".] பஞ்சர் ஒட்டும் சாமான், மாற்று டியூப், கைப்பம்பு, கிளட்ச் கேபிள், கூடுதல் பெட்ரோல், ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர். ஏழாவதைச் சொல்ல வாயெடுத்தவர் சிரித்துவிட்டார். சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒருவர் தம் மனைவியையும் பட்டியலில் எழுதி வைத்திருந்தாராம்.

"பொருளோட பொருளா எழுதியிருந்தார் சார். தண்ணிக்குக் கீழ, கூடாரத்துக்கு மேல."

கட்டுரை அவ்விடத்திலேயே நின்றுவிட்டது. ஏழாவது பொருள் என்னவென்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "கதிரவன் தன் பொற்கரங்களால் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைத் தழுவிய அவ்வினிய காலைப்பொழுதில்

[விட்டுவிட்டேன். வாக்கியம் அழகானதுதான். ஆனால் வண்டி இன்னும் கிளம்பவே இல்லை. யாரை ஏற்றிக்கொண்டு கிளம்பும் என்பதுதான் கதை.]

இரண்டாம் தொடக்கம்: "இல்லறம் என்பது ஒரு தராசு. அதன் இரு தட்டுகளிலும்

[இதையும் விட்டேன். இரு தட்டுகளிலும் எதை வைப்பது என்று அரைமணி நேரம் யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை.]

மூன்றாம் தொடக்கம், நிலைத்தது:

அவர் எடையளவு ஆய்வாளர். கடை கடையாகச் சென்று தராசுகளைச் சோதித்து, சரியானவற்றுக்கு முத்திரை இடுவதும் பிசகியவற்றைப் பறிமுதல் செய்வதும் அவர் பணி. ஐந்து கிராம் பிசகுக்காகத் தம் மைத்துனரின் கடைத் தராசையே தூக்கிக்கொண்டு வந்தவர். அன்று முதல் மைத்துனர் வீட்டு விசேஷங்களுக்கு அவர் மனைவி மட்டுமே போகிறாள்.

அம்மனைவி பார்சல் அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக முகப்பில் அமர்ந்திருப்பவள். வரும் பொதியை எடை போட்டு, அதன் மேல் ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, ரசீது கொடுப்பாள். அலுவலகம் முழுவதற்கும் அவள் பார்சலம்மா. கணவர் மோட்டார் சைக்கிளில் போகவிருக்கும் அந்த வறண்ட சாலையோரத்து ஊர்கள் அனைத்தும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பம்பு செட்டின் உதிரிகள், பள்ளிக்கூடத்து நோட்டுகள், ஒருமுறை ஒரு முழுத் தையல் இயந்திரம் என அவ்வூர்களுக்கு அவள் அனுப்பாத பொருளில்லை. ஓர் ஊரையேனும் கண்ணால் கண்டதில்லை.

"அப்படி ஒரு ஊரு நெஜமாவே இருக்கா, இல்ல நானா எழுதிக்கிட்டிருக்கேனான்னு பாத்துட்டு வந்துடணும்" என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் பதினொரு நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாள். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி ஆகிய மூன்றும் காரணமாக இல்லாமல் அவள் எடுத்த முதல் விடுப்பு அதுவே. காரணம் என்னும் கட்டத்தில் "ஊர் பார்க்க" என்று எழுதினாள். மேலாளர் அதை இருமுறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

3

ஆய்வாளர் முரடர் அல்லர், நியாயமானவர். அதுதான் தொல்லை. மனைவியை வராதே என்று அவர் சொல்லவில்லை. எடை ஒத்துவந்தால் வரலாம் என்றார்.

வண்டியின் கையேட்டில், அது தாங்கும் சுமை நூற்றறுபத்தைந்து கிலோ என்று இருந்தது.* ஆய்வாளர் வீட்டுக் கூடத்தில் ஒரு தராசை வைத்து மூன்று மாலைப்பொழுதுகள் எடை போட்டார். அவர் எழுபத்திரண்டு புள்ளி எட்டு. பார்சலம்மா அறுபத்தொன்று புள்ளி நான்கு. சாமான்கள் முப்பது புள்ளி ஆறு. கூட்டினால் நூற்று அறுபத்து நான்கு புள்ளி எட்டு.

"இருநூறு கிராம் மிச்சம் இருக்கும்மா. உனக்கு வேற ஏதாவது எடுத்துக்கணும்னா எடுத்துக்கோ" என்று அவர் பெருந்தன்மையுடன் கூறினார்.

ஒரு சீப்பையும் சிறு நோட்டுப் புத்தகத்தையும் வைக்கலாம் என்று பார்சலம்மா வண்டியின் பக்கவாட்டு இரும்புப் பெட்டியைத் தூக்கினாள். தூக்கியவள் வைத்தாள். மறுபடி தூக்கினாள். பத்தொன்பது ஆண்டுகள் பொதி தூக்கிய கை அது.

"இந்தக் கனத்துக்கு எல்லாம் சேர்ந்து முப்பதுல நிக்காதுங்க."

"மூணு தடவை போட்டுப் பாத்திருக்கேன்."

"பெட்டியோடவா?"

ஆய்வாளர் விழித்தார். பெட்டியை ஏன் சேர்க்க வேண்டும்? அவர் தொழிலின் முதற்பாடமே அதுதான்: டப்பாவின் எடையைப் பொருளோடு சேர்த்து நிறுத்துக் கொடுக்கும் கடைக்காரன் குற்றவாளி. முப்பதாண்டுப் பழக்கத்தில் அவர் கை தானாகவே கழித்திருந்தது. பெட்டிகளைக் கழித்தார், பெட்ரோல் கேனைக் கழித்தார், தண்ணீர்க் குப்பிகளைக் கழித்தார், கூடாரத்தின் உறையைக் கூடக் கழித்தார். தம்மை எடை போடும்போது இடுப்பில் இருந்த துண்டையும் கழித்தார்.

பார்சல் அலுவலகத்திலோ கட்டிய சணல் கயிறு முதற்கொண்டு எல்லாம் எடைதான். ஒரே கூரையின் கீழ் இருபத்தாறு ஆண்டுகளாக ஒருவர் நிகர எடையிலும் மற்றவர் மொத்த எடையிலும் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள்; அன்றுதான் அது வெளியே வந்தது.

* கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். ஓட்டுபவர், உடன் வருபவர், உடுத்தியவை, கட்டியவை எல்லாம் இதில் அடக்கம். கட்டுரையாக எழுதியிருந்தால் இதுவே என் முன்னுரை.

4

இந்த இடத்தில் ஆய்வாளர் மீது எனக்கு ஐயம் எழுந்தது. சில கிலோ கூடிவிட்டது என்பதற்காக ஒரு மனிதர் இவ்வளவு யோசிப்பாரா? வண்டியில் நான்கு பேரையும் ஒரு பீரோவையும் ஏற்றிச் செல்வோரை நாம் தெருவில் காண்பதில்லையா? நம்பத்தகாத பாத்திரம் என்று குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி, மறுநாள் மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"தெருவுல போறதுக்கு என்ன சார், கேட்பாரு இல்ல" என்றார் அவர். பின்பு தம் இரண்டாவது பயணத்தைப் பற்றிச் சொன்னார். நான்கு நாள் தொலைவுக்குக் கடையோ பெட்ரோல் பங்க்கோ கைப்பேசிக் கோபுரமோ இல்லாத பகுதி. முழுவதும் சரளைக்கல் சாலை. ஏழு கிலோ கூடுதலாக ஏற்றியிருந்தாராம். பின்சக்கரத்தின் கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெறித்து, சக்கரம் கோணிக்கொண்டது. ஒரு லாரி வருவதற்காகச் சாலையோரம் இரண்டு பகல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் முதல் பகலிலேயே தீர்ந்துவிட்டது.

ஓரத்தில் எழுதியதை அடித்துவிட்டேன். ஆய்வாளர் இருக்கட்டும்.

5

மெக்கானிக் சொன்ன அந்த ஞாயிறு காலை. விடுமுறையாதலால் பார்சல் அலுவலகம் வெறிச்சோடிக் கிடந்தது. பிசின் நாடாவின் மணம்; சுவரோரம் அழைத்துச் செல்ல ஆளில்லாப் பொதிகள்; நடுவில் தரையோடு பதித்த பெரிய மேடைத் தராசு. சாவி பார்சலம்மாவிடம் இருந்தது. அவள் எல்லாவற்றையும் மேடைமீது ஏற்றினாள். பெட்டியோடு, கேனோடு, உறையோடு. பிறகு தலைக்கவசம், கனத்த மேற்சட்டை, பூட்ஸ் ஆகியவற்றுடன் கணவரையும் ஏற்றினாள். தானும் அவ்வாறே ஏறி நின்றாள்.

நூற்று எண்பத்தேழு புள்ளி இரண்டு. இருபத்திரண்டு கிலோ இருநூறு கிராம் கூடுதல்.

ஆய்வாளர் குனிந்து தராசின் பக்கவாட்டைப் பார்த்தார். அதில் இருந்தது அவரே சென்ற ஆண்டு இட்ட முத்திரை. எதிர்த்துப் பேச வழியில்லை.

மெக்கானிக்கை அழைத்தார்கள். இரும்புப் பெட்டிகளைக் கழற்றித் துணிப்பைகள் மாட்டினால் ஆறு கிலோ குறையும் என்று அவர் பைகளுடன் வந்து சேர்ந்தார். மடக்கு நாற்காலிகள் இரண்டும் போயின. சமையல் பாத்திரங்கள் போயின. மாற்றுப் பூட்ஸ் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஆய்வாளர் வாதாடினார். ஒவ்வொரு முறையும் பார்சலம்மா முகப்பில் வருவோரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு அதை இறக்கி வைத்தாள். பதினாறு கிலோ இறங்கிற்று.

மீதம் ஆறு கிலோ இருநூறு கிராம் இறங்க மறுத்தது. இனி இருப்பவை பெட்ரோலும் தண்ணீரும் கருவிகளும் மருந்தும் கூடாரமும்தான். அவற்றில் எதைத் தொட்டாலும் மெக்கானிக் கூடாது என்று தலையை ஆட்டினார்.

"அந்த ஆறு கிலோவை வெளியில எதுக்குத் தேடணும்? உங்க வயித்துலயே இருக்கு" என்றாள் பார்சலம்மா.

"நாளன்னிக்குக் கிளம்பணும்மா."

"அதைக் குறைங்கன்னுதான் நானும் பதினஞ்சு வருஷமா சொல்றேன்."

6

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

அ) அவள் புன்னகையுடன், "நீங்கள் சென்று வாருங்கள், உங்கள் கண்களால் நான் காண்பேன்" என்று கூறி விலகிக்கொள்கிறாள். இதை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. மெக்கானிக்கிடம் படித்துக் காட்டினேன். அந்த அம்மா அப்படிப் பேசக்கூடியவர் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் ஸ்பேனரைத் தேடப் போனார்.

ஆ) கூடாரத்தை விட்டுவிட்டு வானத்தின் கீழ் உறங்குகிறார்கள். விண்மீன்கள் [விண்மீன்களின் எடை பூச்சியம், கூடாரமோ மூன்று கிலோதான். இன்னும் மூன்றுக்கு எங்கே போவது?]

இ) கூடுதல் பொருள்களை அவள் முன்கூட்டியே பார்சலில் அனுப்பிவிடுகிறாள். இதை நீங்கள் அப்போதே யோசித்திருப்பீர்கள். ஆய்வாளரும் யோசித்துச் சொன்னார். "அந்த ஊருக்குப் பார்சல் போய்ச் சேர பதினெட்டு நாள் ஆகும். நாம திரும்பி வந்து ஒரு வாரம் கழிச்சு அங்க நம்ம சாமானு போய் நிக்கும்" என்றாள் அவள்.

ஈ) எழுதத் தொடங்கினேன். அவர் ஒரு கணம் தயங்கிவிட்டு

7

மெக்கானிக் கண்ணால் கண்டது இது மட்டுமே.

ஆய்வாளர் பட்டியலை முகப்பு மேசையில் விரித்து, பென்சிலை மனைவியிடம் நீட்டினார். எதை எடுப்பது என்று அவளே சொல்லட்டும் என்றார். அதைவிட நியாயம் வேறில்லை என்று மனமார நம்பினார். அவள் மேலிருந்து படித்தாள். தண்ணீர், எட்டு. பின்னிருக்கை, அறுபத்தொன்று புள்ளி நான்கு. கூடாரம், மூன்று புள்ளி ஒன்று. கடைசி வரை படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"உங்களை எங்க காணோம்?"

"என்னது?"

"லிஸ்ட்லதான். தண்ணி இருக்கு, நான் இருக்கேன், கூடாரம் இருக்கு. எடுக்கணும்னா எங்கள்ல யாரையாவது எடுக்கலாம். உங்களை எடுக்கணும்னா எங்க போய் எடுக்கறது?"

"நான் வண்டிக் கணக்குல இருக்கேம்மா" என்றார் அவர். அது உண்மை. தாளின் உச்சியில், வண்டியின் எண்ணுக்குப் பக்கத்தில், தம்மை முதலிலேயே கூட்டி வைத்திருந்தார்.

பையின் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்த மெக்கானிக் கையை நிறுத்தினார். பார்சலம்மா குரலை உயர்த்தவில்லை. "ஓட்ட எனக்கும் தெரியும்ங்க" என்று மட்டும் சொன்னாள். [இருவரிடமும் உரிமம் உண்டு. இரண்டாம் பகுதியிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கே இந்த இடத்தில்தான் சொல்லப்பட்டது.]

ஆய்வாளர் நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தராசுகளைச் சோதிக்கும்போது முள் அசைவு அடங்கும்வரை அவர் பொறுத்திருப்பது அப்படித்தான். பின்னர் பென்சிலைத் திரும்ப வாங்கினார். உச்சியில் இருந்த தம் எடையை அடித்தார். கூடாரத்துக்குக் கீழே, "முன்னிருக்கை, 72.8" என்று எழுதினார். பென்சிலை மறுபடி அவளிடம் கொடுத்தார்.

"இப்பதான் லிஸ்ட்டு" என்றாள் அவள்.

பட்டறையில் வேறொரு வண்டிக்காரர் காத்திருந்ததால் மெக்கானிக் அத்துடன் கிளம்பிவிட்டார்.

8

ஆகவே நானும் இத்துடன் நிறுத்துகிறேன். முடிவுரை எழுதத் தெரியாமல் அன்று. அந்தப் பட்டியலில் இப்போது யாவரும் யாவையும் ஒரே நிரலில் நிற்கிறார்கள். எடுக்க வேண்டியது ஆறு கிலோ இருநூறு கிராம். அதை அடிக்கும் பென்சிலைப் பிடிக்க எனக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? உங்களுக்குத் துணிவிருந்தால் தீர்மானித்துக்கொள்ளுங்கள். தண்ணீரா, கூடாரமா, பெட்ரோலா, முன்னிருக்கையா, பின்னிருக்கையா.

ஒரே ஒரு வேண்டுகோள். தீர்மானித்ததை எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம். அவளிடமே போய்ச் சொல்லுங்கள். தலைக்கவசத்தை மாட்டி, தாடைப் பட்டையையும் இறுக்கிக்கொண்டு, வண்டியின் பக்கத்தில் நிற்கிறாள். முகக்கண்ணாடியை இறக்கிவிட்டாள். கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.