நண்டுப்பாறைப் பேயைக் கொல்லச் சொன்ன கதை

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. செவ்வந்தி கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். நேற்று எங்கள் ஊர் கணபதியில் என் வீட்டு வாசலில் நின்று, உள்ளே வரச் சொல்லியும் வராமல், அவள் சொன்னது இது:

"ஏனுங்ணா, நீங்க பத்திரிகைக்கெல்லாம் கதை எழுதறீங்கல்லங்க. அந்தப் பேயி செத்துப்போச்சுன்னு ஒண்ணு எழுதிப்போடுங்ணா. நீங்க எழுதுனா அவரு நம்புவாரு."

செத்ததால்தானே அம்மணி அது பேய், மறுபடி எப்படிச் சாகடிக்கிறது என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவர் என்பது ஆல்வின், அவள் வீட்டுக்காரர். என்னோடு ஒரே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். 1993இல் கடலுக்குள் ஒரு பாறைமேல் இருக்கும் கலங்கரை விளக்கத்துக்கு நாங்கள் இருவரும் மோட்டார் மாட்டப் போனோம். அங்கே பல்சக்கரத்தில் சிக்கி அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் போயின. அது அங்கிருந்த பேயின் வேலை என்று நான்கு வருடமாக நம்புகிறார். மோட்டார் இருக்கும் தெருவில்கூட நடக்க மாட்டார். செவ்வந்தி ஒருத்தி மில்லுக்குப் போய்க் குடும்பம் ஓடுகிறது. இப்போது பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்பு கம்பெனியில், பம்புகளை ஓட்டிப் பார்த்துச் சரி சொல்லும் வேலை அவருக்குக் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். மாட்டேன் என்கிறார்.

வாசகரே, இன்று சனி. பேயைக் கொல்ல எனக்கு இரண்டு நாள் இருக்கிறது.

2

தொடக்கம் ஒன்று: "நிலவொளியில் நனைந்து நின்ற அந்தக் கலங்கரை விளக்கத்திலிருந்து ஓர் அமானுஷ்யமான" — வேண்டாம். நாங்கள் போனது பட்டப்பகலில்.

தொடக்கம் இரண்டு: "கடல் அன்று கொந்தளித்துக்" — இதுவும் வேண்டாம். கடலைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அதுவரை நான் பார்த்த பெரிய தண்ணீர் துடியலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணறு. படகு ஏறிக் கால் மணி நேரத்தில் காலையில் தின்ற இட்லி அத்தனையும் மீனுக்குப் போயிற்று. ஆல்வின் என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார்.

[கடைசி வரி இருக்கட்டும். அடிக்க மனம் வரவில்லை.]

நண்டுப்பாறை என்பது நான் வைத்த பெயர். உண்மைப் பெயரைச் சொன்னால் அங்கே வேலை பார்ப்பவர்களுக்குச் சங்கடம்.

3

பேயைப் பற்றி எங்களுக்குச் சொன்னவர் விளக்குக் காவலர் பிரான்சிஸ். கடுங்காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, ஏதோ மேல்வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னார்.

வெகுகாலத்துக்கு முன் அங்கே இரண்டு காவலர்கள் இருந்தார்களாம். புயலில் பத்தொன்பது நாள் படகு வரவில்லை. ஒருவர் காய்ச்சலில் மேலே விளக்கறையில் படுத்துவிட்டார். கீழே இருந்தவர் பயந்தாங்கொள்ளி. மணிக்கொருதரம் படிக்கட்டின் அடியில் நின்று கூப்பிடுவார். மேலே இருந்தவர் முடியாத நிலையிலும் "இருக்கேன்" என்பார். படகு வந்து மேலே ஏறிப் பார்த்தபோது அவர் இறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. ஆனால் அன்று காலைவரை பதில் வந்ததாகக் கீழே இருந்தவர் பைபிள்மேல் கை வைத்து அடித்துச் சொன்னாராம்.

"கெட்டது பண்ணாது தம்பி. கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லும், அவ்வளவுதான்" என்றார் பிரான்சிஸ்.

இவ்வளவு நல்ல பேயை நான் கேள்விப்பட்டதில்லை. இதைக் கொல்வதற்குத்தான் பேனாவைத் தூக்கியிருக்கிறேன்.

4

இந்த இடத்தில் எங்கள் தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மோட்டார் வேலையில் சுவிட்ச் பக்கம் நிற்பவர் "போடலாமுங்களா?" என்று கேட்பார். இயந்திரத்தில் கை வைத்திருப்பவர் "போடுங்க" என்பார். பதில் வராமல் போடக்கூடாது.*

(* எங்கள் பட்டறை முதலாளி நஞ்சுண்டன் இன்னும் ஒரு படி மேலே போவார். "கைய முதுகுக்குப் பொறத்தால கட்டிக்கிட்டுத்தான் கேக்கோணும். கை சும்மா இருந்தா அதுபாட்டுக்குப் போட்டுப்போடும்" என்பார். அதைக் கேட்டு நாங்கள் சிரிப்போம்.)

மத்தியானம் மூன்று மணி. ஆல்வின் மேலே, விளக்கைச் சுழற்றும் பல்சக்கரத்தில் கை வைத்திருந்தார். நான் கீழே சுவிட்ச் அருகில். காற்று ஏறுகிறது, இப்போது கிளம்பாவிட்டால் நாளைக்குத்தான் என்று படகுக்காரர் சத்தம் போட்டார். நான் மேலே பார்த்து "போடலாமுங்களா?" என்றேன். "போடுங்க" என்று பதில் வந்தது. போட்டேன்.

திரும்பும் படகில், துண்டு சுற்றிய கையை மார்போடு அணைத்தபடி ஆல்வின் சொன்னார்: "நான் ஒண்ணுமே சொல்லலீங்களே, கந்தப்பண்ணா."

கூட வந்த பிரான்சிஸ் சிலுவை போட்டுக்கொண்டார். "அப்ப அவருதான் சொல்லியிருப்பாரு."

"ஆமாங்க" என்றேன்.

5

முடிவுகள்.

அ. மேலிடத்திலிருந்து பேய்க்கு ஓய்வு உத்தரவு வருகிறது. அது பெட்டியைக் கட்டிக்கொண்டு கடைசிப் படகில் ஊருக்குப் போகிறது. (செவ்வந்திக்குப் பிடிக்கும். ஆனால் எந்த ஊருக்கு என்று ஆல்வின் கேட்பார்.)

ஆ. சாமியார் ஒருவர் வந்து பேயைப் பாட்டிலில் அடைத்து, அந்தப் பாட்டிலைக்

இ. விளக்குத் தானியங்கி ஆகிறது. கூப்பிட ஆள் இல்லாததால் பேய் பேச்சை மறந்துவிடுகிறது. (இதற்கு எனக்கே மனம் ஒப்பவில்லை. அதனால் நிறுத்திவிட்டேன்.)

எதுவும் உதவாது. போன மாதம் என் வீட்டில் உட்கார்ந்து ஆல்வின் சொன்னது இது: "அந்த வேலைல பம்புகிட்ட நிக்கறது நானுங்க. போடலாமுங்களான்னு ஒருத்தர் கேப்பாரு. என்ற குரல்ல வேறொண்ணு பதில் சொல்லிப்போட்டா? நமக்குப் போனது போகட்டுங்க, கூட நிக்கறவனுக்குக் கை போச்சுன்னா?" அப்புறம் என்னைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்: "நீங்க மனசுல வெச்சுக்காதீங்கண்ணா. உங்களுக்குக் கேட்டுது, போட்டீங்க. நீங்க என்னங்க பண்ணுவீங்க."

விரல் போனவர் நான்கு வருடமாக எனக்கு ஆறுதல் சொல்கிறார். நான் காப்பி கொடுத்து அனுப்புகிறேன்.

6

நான்காம் பகுதியில் ஒரு வாக்கியத்தைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள்: "'போடுங்க' என்று பதில் வந்தது."

வரவில்லை. ஆல்வினும் சொல்லவில்லை, பேயும் சொல்லவில்லை. அலைச் சத்தம் மட்டும் இருந்தது. எனக்குக் கரைக்குப் போயாக வேண்டியிருந்தது. ஒரு ராத்திரிகூட அந்தக் கடலுக்கு நடுவில் இருக்க என்னால் முடியாது. ஒரே ஒரு தரம்தான் கேட்டேன். கேட்கும்போதே என் கை சுவிட்சின்மேல் இருந்தது.

படகில் பிரான்சிஸ் எடுத்துக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டேன். அடுத்தவன் பயந்துவிடக்கூடாதென்று செத்த பிறகும் பதில் சொன்ன மனிதரைக் கை தின்னும் பேயாக்கிவிட்டேன். அவரிடமும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இது பத்திரிகைக்குப் போகாது. வாசகரே என்று வெளியாரைக் கூப்பிட்டது போதும்.

ஆல்வின், நாளைக் காலை சர்ச் முடிந்து வழக்கம்போல வருவீர்கள். இந்த நோட்டை உங்கள் கையில் கொடுக்கப் போகிறேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதனால்தான் கதை என்று பேர் வைத்து இவ்வளவு சுற்றினேன். உங்கள் குரலில் யாரும் பேசவில்லை. இனியும் பேச மாட்டார்கள். திங்கட்கிழமை நீங்கள் தாராளமாக வேலைக்குப் போகலாம். நீங்கள் பயப்பட வேண்டிய ஆள் அந்தப் பாறையில் இல்லை, உங்கள் எதிரில் நிற்கும் நான்தான்.

அதற்கப்புறம் என்ன என்பதை நான் எழுதவில்லை. எழுந்து போகலாம், அடிக்கலாம், இந்த வாசலை இனி மிதிக்காமல் இருக்கலாம். கடைசிப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

நீங்கள் மெதுவாகத்தான் படிப்பீர்கள். அவசரமில்லை. படித்து முடித்து நிமிரும்போது நான் ஒன்றே ஒன்று கேட்பேன்:

"கதைய முடிச்சுப்போடலாமுங்களா?"

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன்.