பச்சைத் திரை

மூன்றாம் வகுப்பிலேயே வேகமாகப் படிக்கிற பெண் ஜூனில் இருபத்திரண்டு கிலோ இருந்தாள். ஆகஸ்ட் முடிவதற்குள் முப்பத்து மூன்று கிலோ ஆகிவிட்டாள். உடம்பு ஒரு சுற்றும் பெருக்கவில்லை, சீருடை அதே அளவுதான். படிக்க ஆரம்பித்தால் எந்த ஸ்டேஷனிலும் நிற்காது என்று அவளுக்கு ரயில் எனப் பேர் வைத்திருந்தார்கள். அந்த ரயில் உட்கார்ந்து வகுப்பு பெஞ்சு ஒன்று இரண்டாகப் பிளந்தது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அவளுடைய அம்மா வேலை பார்த்த சலவைக் கடையில் துணியை நிறுத்து வாங்குவதற்கென்று ஒரு பெரிய தராசு உண்டு. தராசுதான் கெட்டுவிட்டது என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். அதில் இஸ்திரிப் பெட்டியை வைத்துப் பார்த்தார்கள். பெட்டி தன் எடையைத்தான் காட்டியது.

பள்ளி விட்டதும் ரயில் நேராகக் கடைக்கு வந்து, அந்தத் தராசின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடம் படிப்பாள். அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், அதுவும் கடைப் பலகை அளவுக்கு. அதனால் மகள் படிக்கிறபோது காதைத் தீட்டிக்கொண்டே துணி தேய்ப்பாள். ஒரு நாள் பாடத்தில் ஒரு தச்சர் வந்தார். கோடையில் கதவு செய்தவர், நிலையின் அளவைவிடக் கொஞ்சம் சின்னதாக அறுத்து மாட்டிவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் சின்னதா அறுத்தான்? ஏமாத்துறானா?"

அந்தப் பாடத்தைப் பதினோரு தடவை ஒப்பித்திருந்த ரயிலுக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தை மறுபடி பிரித்து, முதல் தடவையாக நின்று நின்று படித்தாள். கடைசியில் மழை மாதம் வந்தது என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியிலேயே கொஞ்ச நேரம் கிடந்தாள். பிறகு, "அம்மா, நம்ம பாத்ரூம் கதவு மாதிரி! மழை வந்தா மரம் ஊதிக்கும்ல, அதான்," என்றாள். தராசு முள் அறுநூறு கிராம் இறங்கியது. இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அம்மா முள்ளையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அடுத்த பாடத்தைப் படிக்கச் சொன்னாள்.

ஆறு வாரம் இப்படிப் போயிற்று. யார், எதற்கு, அப்புறம் என்ன என்று அம்மா நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். ரயில் தேடித் தேடிச் சொன்னாள். தமிழ்ப் புத்தகம் முடிந்து, அறிவியல் முடிந்து, மாத்திரை அட்டையும் மின்வாரிய நோட்டீசும்கூட முடிந்தன. முள் இருபத்தாறுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. மிச்சம் நாலு கிலோ எங்கே இருக்கிறது என்று ரயிலுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது. அதனால் இரண்டு வாரம் வேலை அதிகம் என்று சொல்லி ஒரு கேள்வியும் கேட்காமல் கடத்தினாள். நாலு கிலோதானே, சுமந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட நினைத்தாள். ஆனால் விளையாட்டு விழாவில் நீளம் தாண்டிய ரயில் மணலில் முழங்கால் வரை புதைந்துபோய், இரண்டு ஆசிரியைகள் சேர்ந்து இழுக்க வேண்டியதாயிற்று. நொண்டிக்கொண்டே கடைக்கு வந்தவள், "நான் இன்னும் எதைம்மா புரியாம படிச்சேன்?" என்று கேட்டாள்.

அம்மா கைப்பையின் உள்ளறையிலிருந்து அப்பாவின் கடிதத்தை எடுத்தாள். அப்பா இரண்டு நாள் பயணத் தொலைவிலுள்ள துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஜூலையில் வந்த அந்தக் கடிதத்தை ரயில்தான் ஒரே மூச்சில் வாசித்துக் காட்டியிருந்தாள். இப்போது மெதுவாகப் படித்தாள். வீடு மாற்றியாயிற்று, இரண்டு அறை. ஜன்னலுக்குப் பச்சைத் திரை தைத்துப் போட்டாயிற்று. சாப்பாடு சூடாகவே கிடைக்கிறது. லீவு கிடைப்பது கஷ்டம், காத்திருக்க வேண்டாம்.

"உங்கப்பாவுக்குத் தைக்கத் தெரியுமா?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியாது."

"சமைக்க?"

"வெந்நீர் வைக்கவே தெரியாது."

ரயில் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முள் மெல்ல, கிராம் கிராமாக இறங்கி இருபத்திரண்டைத் தொட்டது.

"அப்பா வரமாட்டாரா?"

"வரமாட்டாரு."

"உனக்கு எப்போ தெரியும்?"

"நீ படிச்ச அன்னைக்கே."

ரயில் தராசிலிருந்து இறங்கினாள். பாரத்துக்குப் பழகிய கால்கள் அவளைத் தேவைக்கு மேல் உயரத் தூக்கின, தடுமாறி அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். கடை மூடுகிற வரை அழுதாள். அம்மா ஒரு கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, மறு கையால் பதினான்கு தலையணை உறைகளைத் தேய்த்து முடித்தாள்.

அடுத்த வருஷம் பள்ளியிலும் ஒரு தராசு வாங்கிப் போட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளை நிறுத்துப் பார்த்து, கூடியிருந்தால் எந்தப் பாடம் என்று விசாரிப்பது வழக்கமாகிவிட்டது. பல் விழுந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரி, எத்தனை கிராம் என்று தெருவில் பெற்றோர்கள் கேட்டுக்கொண்டார்கள். ரயில் இப்போதெல்லாம் எல்லா ஸ்டேஷனிலும் நின்றாள், பேர் மட்டும் மாறவில்லை. நான்காம் வகுப்பு லீவில் அவள் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். கடிதத்தை மெதுவாகப் படித்தேன், திரை தைத்தவருக்கு என் வணக்கம். அவ்வளவுதான்.

நாலு மாதம் கழித்து, துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர் ஒருவர் ஊருக்கு வந்தபோது சட்டைகளைச் சலவைக்குக் கொண்டுவந்தார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். ஏதோ ஒரு கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நேரம் கிடைத்தபோதெல்லாம் ரயிலின் அப்பா எடுத்துப் படிக்கிறாராம். ஆள் பார்க்க அப்படியேதான் இருக்கிறார், ஆனால் அவர் ஏறியதில் கிரேன் ஏணியில் மூன்று படி உடைந்துவிட்டது, இப்போது அவரை மேலே ஏற விடுவதில்லை. திரும்பிப் போகும்போது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

அம்மா சட்டைகளைத் தராசில் போட்டாள். ஒன்றரைக் கிலோ.

"மெதுவா படிக்கச் சொல்லுங்க," என்றவள், வெள்ளிக்கிழமை வாங்கிக்கொள்ளலாம் என்று ரசீதைக் கிழித்து அவர் கையில் கொடுத்தாள்.