மண் கிடைத்தது

மனிதனுக்கு இருமல் வந்தால் மருந்து தேடுவான். இரண்டாயிரத்து இருபத்தொன்று ஜனவரியில், கட்டுகஸ்தோட்டையில், ஜஹானாவின் புருஷன் பஹீமுக்கு இருமல் வந்தபோது அவனுடைய அண்ணன், நஸீப் நானா ஓடிவந்து முதலில் ஜன்னல்களைச் சாத்தினார். சத்தம் வெளியே கேட்கக் கூடாதாம்.

பஹீமுக்கு நாற்பத்திரண்டு வயது. சிறுநீரகம் இரண்டும் போய் ஒன்றரை வருடம். செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியில் நாலு மணிநேரம் மெஷினில் கிடந்தால்தான் அடுத்த தவணை வரைக்கும் உயிர். இருமலோடு போனால் பி.சி.ஆர். எடுப்பார்கள். கொரோனா என்று வந்து ஆள் மவுத்தாகிவிட்டால், பெட்டியில் போட்டு எரித்துவிடுவார்கள். யாருடைய மையித்தானாலும் நெருப்புக்குத்தான் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்த காலம் அது. புதைத்தால் நிலத்தடித் தண்ணீரில் கிருமி கலந்துவிடுமாம். உலகம் முழுக்கப் புதைக்கிற கிருமிக்கு இந்தத் தீவில் மட்டும் நீச்சல் தெரிந்திருந்தது.

"ஒரு செவ்வா விட்டா ஒண்டும் ஆகாது," என்றார் நஸீப். "காய்ச்சல் எறங்கட்டும். வெள்ளிக்கிழம போகலாம்."

பஹீம் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "என்ன எரிக்க மட்டும் உட்டுடாத, ஜஹானா. வாப்பாட பக்கத்தில அடக்கணும்."

ஜஹானா சரி என்றாள். வாயில் கொழுக்கட்டையா இருந்தது, மாட்டேன் என்று சொல்ல? அந்த ஒரு சரியை அவள் இன்றுவரை தனக்கு மன்னிக்கவில்லை.

செவ்வாய் போனது. நஸீபின் வீட்டிலிருந்து பிளாஸ்க் பிளாஸ்க்காகக் கொத்தமல்லித் தண்ணீர் வந்தது. செவ்விளநீர் குலையோடு வந்தது. காய்ச்சல்காரனுக்கு எந்த வீட்டிலும் கொடுப்பதுதான். ஆனால் மூத்திரமே போகாத ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை லீற்றர் தண்ணீர்தான், செவ்விளநீர் தொடவே கூடாது, பொட்டாசியம் ஏறி நெஞ்சு நின்றுவிடும் என்று ஆஸ்பத்திரித் தாதி மிஸ்மார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஜஹானா பிளாஸ்க்கைக் குசினித் தொட்டியில் கவிழ்த்தாள். அவள் லுஹர் தொழப் போன நேரம் பார்த்து நஸீப் தம்பிக்குக் குடிக்கக் கொடுத்தார்.

"மச்சான், இது அவருக்கு நஞ்சு. எத்தன தரம் சொல்ற?"

"நாங்க சின்னத்திலருந்து காய்ச்சலுக்குக் குடிக்கிற சாமான். நீ என்ன டொக்டரா?"

வெள்ளிக்கிழமை பஹீமின் கால் வீங்கி, முகமும் வீங்கியிருந்தது. இருமல் நிற்கவில்லை. ஜஹானா அபாயாவைப் போட்டு, கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்தாள். நஸீப் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"ஒனக்குப் புருஷன் வேணுமா, அவன்ட மறும வேணுமா?"

"எனக்குப் புருஷன் வேணும்."

ஆனால் கட்டிலில் இருந்த பஹீமே தலையை ஆட்டினான், போகவேண்டாம் என்று. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அவனை வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஏசிவிட்டு அவன் காலடியில் உட்கார்ந்து வீங்கின பாதத்தைத் தடவிக் கொடுத்தாள்.

ஞாயிறு காலை அவனால் படுக்கவே முடியவில்லை. உட்கார்ந்தபடி மூச்சுக்கு அடித்துக்கொண்டான். இந்தத் தடவை ஜஹானா யாரையும் கேட்கவில்லை. மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு அழகமுத்துவைக் கூப்பிட்டாள். மாநகர சபையில் வேலை, சொந்தமாகத் த்ரீவீலர் வைத்திருந்தான்.

"அண்ணன் ரெண்டு தடவையா ஆஸ்பத்திரிக்குப் போகலையேன்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன் அக்கா," என்றான். "கேக்கத்தான் பயமா இருந்துச்சு. வாங்க, போவோம்."

நஸீப் வந்து த்ரீவீலரைப் பிடித்தார். ஜஹானா அவரை நேராகப் பார்த்தாள்.

"கைய எடுங்க மச்சான். இல்லாட்டி எங்கட வீட்டில இருமல் எண்டு ரோட்டு முழுக்கக் கேக்கக் கத்துவேன்."

கை தானாக விலகியது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் நோனா கொப்பியைப் புரட்டினாள். கடைசியாக மெஷினில் போட்டு ஒன்பது நாள். ஏன் கூட்டிவரவில்லை என்று சிங்களத்தில் கேட்டாள். ஜஹானாவுக்கு நல்ல சிங்களம் தெரியும். பதிலுக்கு அவள், முதலில் மெஷினில் போடுங்கள் என்றாள். மூக்கில் குச்சி விட்டு பி.சி.ஆருக்கு எடுத்தார்கள். மெஷினைத் தயார் செய்துகொண்டிருக்கும்போதே பஹீமின் நெஞ்சு நின்றுவிட்டது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டது என்றார்கள்.

முடிவு வரும்வரை மையித்தைத் தரமாட்டோம் என்றார்கள். திங்கள் பகல் ஆஸ்பத்திரி கேட்டடியில் நஸீபும் பள்ளிவாசல் ஆட்களும் நின்றார்கள். பி.சி.ஆர். முடிவுத் துண்டு வந்தது. கொரோனா இல்லை. ஊரில் பாதிப்பேருக்கு வந்துபோன தடிமன் காய்ச்சலாகத்தான் இருக்கும் என்றாள் டொக்டர்.

நஸீப் இரண்டு கையையும் ஏந்தினார். கண்ணீர் ஓடியது. "அல்ஹம்துலில்லாஹ். என்ட தம்பிக்கு மண் கெடச்சிட்டு."

ஜஹானாவுக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. ஆண்களுக்கு நடுவில் போய் நின்றாள்.

"செவ்வாக்கிழம வந்திருந்தா இதே துண்டத்தான் மச்சான் தந்திருப்பாங்க. மெஷின்ல போட்டுப் பின்னேரம் வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

"அல்லாஹ்ட நாட்டம், ஜஹானா."

"அல்லாஹ்வ இதுக்குள்ள இழுக்காதீங்க. சட்டம் போட்டவன் எங்கயோ குளுகுளுண்டு இருக்கிறான். ஜன்னலச் சாத்தினது நீங்க. சரி எண்டது நான். எரிப்பானுகளெண்டு பயந்து அவர உசிரோட அடக்கிட்டோம்."

அஸருக்குப் பிறகு பஹீமை அவனுடைய வாப்பாவின் பக்கத்தில் அடக்கினார்கள்.

பின்னேரம் பெண்கள் வந்தார்கள். மண் கிடைத்ததே பெரிய பாக்கியம் என்று ஆளுக்கொரு தடவை சொன்னார்கள். ஒன்பதாவது தடவையோ பத்தாவது தடவையோ கேட்டபோது ஜஹானாவுக்கு இருமல் வந்தது. அவனிடமிருந்து ஒட்டிய அதே இருமல். பக்கத்திலிருந்த சகீனா மாமி பதறிப்போய், "மெதுவா மகள், வெளிய கேக்கும்," என்றாள்.

ஜஹானா எழுந்துபோய் ரோட்டுப் பக்கத்து ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, வாயைப் பொத்தாமல் நன்றாக இருமினாள்.