கடைசி அறையில் தையல்காரி

விளையாட்டு இணையக் கடையில் வெளியான அன்று, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், முன்பின் தெரியாத ஒருவன் வேறொரு கண்டத்திலிருந்து தையல்காரியைக் கட்டையால் அடித்தான். அடி இடது தோளில் விழுந்தது. அப்போது அவள் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்துத் தெருக்காரர் ஒருவரின் கால்சட்டை இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தான் பருத்துவிட்ட விஷயத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அறையில் வேறு யாரும் இல்லை. அவள் எழுந்து அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள், விட்டத்தையும் பார்த்தாள். திரும்ப உட்கார்ந்ததும் இரண்டாவது அடி முதுகில் விழுந்தது. முன்னறையில் அவள் கணவன் கைதட்டிக்கொண்டிருந்தான். யாரோ ஒருவன் கடைசி அறை வரைக்கும் போய்விட்டான் என்று திரை அவனுக்குச் சொல்லியிருந்தது.

இந்தக் கணவனைத் தெருவில் ரிலீஸ்காரன் என்பார்கள். காப்பீட்டு அலுவலக வேலையை விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து ஆறு வருடமாக, யார் எதைக் கேட்டாலும் ‘அடுத்த மாசம் ரிலீஸ்’ என்றே சொல்லிக்கொண்டிருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். அந்த ஆறு வருடமும் வீட்டை ஓட்டியது தையல் மிஷின்தான். படம் வரைய ஆள் வைக்க வழியில்லாமல், அவன் மனைவியின் இஞ்ச் டேப்பை எடுத்துத் தன் வீட்டையே அளந்து விளையாட்டுக்குள் கட்டினான். சரியாகச் சாத்தாத வாசல் கதவு, கைப்பிடி கழன்ற சமையலறை இழுப்பறை, ஓயாமல் சொட்டும் குளியலறைக் குழாய் எல்லாம் அப்படியே உள்ளே போயின. விளையாடுகிறவன் இந்த வீட்டுக்குள் புகுந்து, அகப்பட்டதை உடைத்துக்கொண்டு, அறை அறையாகக் கடந்து கடைசி அறைக்குப் போக வேண்டும். அங்கே பூதம் இருக்கும். அதை வீழ்த்தினால் விளையாட்டு முடிந்தது. பின்னறையை மட்டும் விட்டுவிடும்படி அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள். அந்த வீட்டில் உள்தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற ஒரே அறை அது. கதவைச் சாத்தினால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். அவனும் சரி என்றான். பிறகு அந்த அறையையே கடைசி அறையாக வைத்தான். பூதத்துக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது, அவள் முகத்தை வைத்தான். கையில் அவளுடைய பெரிய கத்தரிக்கோலைக் கொடுத்தான். குரலுக்கும் செலவு செய்யவில்லை. அவள் தன்னைத் திட்டுவதையெல்லாம் போனில் ரகசியமாகப் பிடித்து வைத்திருந்தான். ஆகவே உலகத்தின் எந்த மூலையில் எவன் கடைசி அறைக்குள் நுழைந்தாலும், இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல் “குழாயை மூடுனீங்களா?” என்று உறுமியது. அர்த்தம் தெரியாமலே பலர் நடுங்கினார்கள்.

வெளியான அன்று சாயங்காலம் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். திரையில் தன் முகத்தைப் பார்த்தாள். பார்த்த முகத்தில் பல் அதிகமாக இருந்தது.

“என்னையா வச்சிருக்கீங்க?”

“வேற யார் முகமும் எனக்கு இவ்வளவு நல்லா தெரியாதே” என்றான். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வாள் என்று அந்த மனிதன் உண்மையாகவே நம்பினான்.

கடையிலிருந்து விளையாட்டை உடனே எடுத்துவிடச் சொன்னாள். எடுத்தாலும் வாங்கினவர்களின் கம்ப்யூட்டரில் அது இருக்கத்தான் செய்யும் என்றான். “புதுசா வர்றவனாவது குறைவான்ல?” என்று கேட்டாள். அதற்கு அவன் ஆறு வருடக் கதையை ஆரம்பித்தான். அவள் போய் இணைய வயரைக் கத்தரித்தாள். அவன் பக்கத்து வீட்டு இணைப்பில் உட்கார்ந்துகொண்டான், அடியும் நிற்கவில்லை. அடிக்கிறவர்கள் எல்லாரும் அவரவர் வீட்டில் சௌகரியமாக இருந்தார்கள். தெருமுனை டாக்டர் தோளைப் பார்த்துவிட்டு, இது கட்டையால் பட்ட காயம், வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தயங்கிக் கேட்டார். சரியாக இல்லைதான், ஆனால் அடிப்பவன் கணவன் இல்லை என்று அவள் பதில் சொன்னாள். டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார்.

அந்த வாரக் கடைசிக்குள் அவளுக்கு அவர்கள் தெரிய ஆரம்பித்தார்கள். நிஜக் கதவு சாத்தியபடி இருக்கும். அது உடைகிற சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் நிலைப்படிக்கு இந்தப்பக்கம் காற்று ஒரு ஆள் அளவுக்குத் திரண்டு நிற்கும். ஓங்குவதற்கு முன் அந்தக் காற்று கொஞ்சம் பின்னால் சாயும் என்பதைத் தையல்காரி கண்டுபிடித்தாள். துணியின் ஓட்டம் பார்த்து வெட்டிப் பழகிய கைக்கு அவ்வளவு போதும். சாயும் இடத்தில் கத்தரியை வைத்து ஒரே வெட்டு. திரண்டது கலையும், தரையில் ஒரு சட்டைப் பொத்தான் விழும். எங்கேயோ ஒரு வீட்டில் எவனோ மேஜையைக் குத்துவான். விழுந்த பொத்தான்களை அவள் டப்பாவில் போட்டு வைத்தாள். நல்ல பொத்தான்கள், எதற்கு வீணாக்க வேண்டும்? எங்கள் தெருவில் பாதிப் பேரின் சட்டையில் இன்றைக்கும் அந்தப் பொத்தான்கள்தான் இருக்கின்றன.

கடைப் பக்கத்தில் ரிவியூக்கள் எள்ளும் கொள்ளுமாக வெடித்தன. அந்தப் பொம்பளையை வெல்லவே முடியவில்லை, செய்தவனுக்கு மனசாட்சி இருக்கிறதா, அடிக்க ஓங்கினாலே செத்துப்போகிறேன், வாங்கிய காசைத் திருப்பிக் கொடு. விளையாட்டின் பெயருக்குக் கீழே ‘பெரும்பாலும் எதிர்மறை’ என்று கடையே எழுதி மாட்டிவிட்டது. ரிலீஸ்காரன் ஒவ்வொன்றாகப் படித்துச் சாப்பிடாமல் கிடந்தான். அவன் அக்கா தம்பியைத் தேற்றப் பெட்டியோடு வந்து இறங்கினாள். வந்தவள் நேராகப் பின்னறைக்குப் போய், “பத்துப் பேர் வந்தா ரெண்டு பேர்கிட்டயாவது தோத்துப் போயேன். பொம்பளை கொஞ்சம் விட்டுக்கொடுத்தா என்ன குறைஞ்சிடும்?” என்றாள். தையல்காரி வாயில் குண்டூசிகளை வைத்திருந்ததால் பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று அக்கா போய்த் தம்பியிடம் சொன்னாள்.

அந்தத் தைரியத்தில் அவன் ஒரு அப்டேட் போட்டான். காலையில் அது கடையில் ஏறியதும், தையல்காரியால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கத்தரி இரும்பு மூட்டையாகக் கனத்தது. வந்தவன் எல்லாம் அடித்தான். அடித்துவிட்டு, செத்துக் கிடப்பவளைச் சுற்றிக் குதித்தான். விளையாட்டுகளில் அப்படிக் குதிப்பது வழக்கமாம். தரையில் கிடந்த அவள் தலைக்கு மேல் எத்தனை பேருடைய கால்கள் குதித்தன என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். கொடுமை என்றால் அதுதான் கொடுமை. அதை வேறு பெயரால் சொல்ல இந்தத் தெருவில் யாருக்கும் மனம் வராது. முன்னறையில் பாராட்டு ரிவியூக்கள் வந்து விழுந்தன. அக்காவும் தம்பியும் அவற்றை மாறி மாறி உரக்கப் படித்தார்கள்.

அவள் சுவரைப் பிடித்து எழுந்து, கத்தரியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, முன்னறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நின்றாள்.

“என் பலத்தைக் குறைச்சீங்களா?”

“முப்பது சதவீதம்தான்” என்றான்.

அக்கா பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியது அந்த நிமிடத்தில்தான். தையல்காரி கத்தரியை அவன் கீபோர்டின் மேல் வைத்தாள். வைத்தாளே தவிர அழுத்தவில்லை. அடுப்பில் பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிற குரலில் பேசினாள்.

“குறைச்சதைத் திருப்பி வைங்க. அப்புறம் ஒண்ணு. அடிக்க ஒரு பட்டன் வச்சிருக்கீங்க. உடைக்க ஒண்ணு, குதிக்க ஒண்ணு. கதவைத் தட்டுறதுக்கு எங்க?”

“தட்டுறதுக்கா? அப்படி யாரும் வைக்க மாட்டாங்களே.”

“தட்டிப் பழகினவங்க வைப்பாங்க. இந்த ஆறு வருஷத்துல நீங்க ஒரு தடவை தட்டிட்டு வந்திருக்கீங்களா?”

யோசித்துப் பார்த்தான். டீ கேட்டு வந்தது, டேப் எடுக்க வந்தது, போனை மறைத்துக்கொண்டு வந்தது எல்லாம் ஞாபகம் வந்தது. தட்டியது ஞாபகம் வரவில்லை. கத்தரியை நகர்த்தி வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தான். அவள் முடியும்வரை பின்னாலேயே நின்றாள். நடுவில் இரண்டு முறை அடிபட்டு விழுந்து எழுந்தாள். அவன் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் தட்டச்சு வேகமாயிற்று.

புது அப்டேட் ஏறியது. எவனோ ஒருவன், புதிதாக முளைத்த பட்டன் எதற்கென்று தெரியாமல், கடைசி அறைக்கு வெளியே அதை அழுத்தினான். பின்னறையில் டொக் டொக் என்று கேட்டது. தையல்காரி மிஷினை நிறுத்தினாள். “யாரு?” என்றாள். பதில் இல்லை, பேசுவதற்கு அந்த விளையாட்டில் வசதி கிடையாது. எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள். காற்று உள்ளே வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. முக்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தது. அவள் ஒரு ஜிப்பை மாற்றி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனது. அவனுடைய திரையில் ‘முடிந்தது’ என்று வந்ததாம். கடைசியில் சண்டையே இல்லாமல் ஏமாற்றிவிட்டார்கள் என்று ரிவியூ எழுதினான். அடுத்த நாள் திரும்ப வந்து தட்டினான்.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. ‘பெரும்பாலும் எதிர்மறை’ என்பதைக் கடை ‘கலவையானது’ என்று மாற்றியிருக்கிறது. அதற்கு மேல் ஏறவில்லை. உடைத்துக்கொண்டு வருகிறவன் இன்றைக்கும் வெட்டுப்படுகிறான், பொத்தான் விழுகிறது. தட்டுகிறவர்கள்தான் பெருகிவிட்டார்கள். பின்னறைக் கதவிலிருந்து கூடம் வழியாக வாசல் வரைக்கும் காற்று ஆள் ஆளாகத் திரண்டு நிற்கிறது. துணி கொடுக்க வருகிறவர்கள் ‘கொஞ்சம் வழி விடுங்க’ என்று ஒருக்களித்து நடக்கப் பழகிவிட்டார்கள். தபால்காரர் கடைசியில் நிற்பவர் கையில் கொடுத்தால் கடிதம் கைமாறி உள்ளே போய்விடும் என்கிறார். அதை மட்டும் நான் பார்த்ததில்லை.

குழாய் இப்போது சொட்டுவதில்லை. அதைச் சரிசெய்த அன்று மத்தியானம், ரிலீஸ்காரன் கையைத் துடைத்துக்கொண்டு பின்னறைக்குப் போனான். சாத்தியிருந்த கதவின் முன்னால் வெகுநேரம் நின்றான். பிறகு தட்டினான்.

“யாரு?”

“நான்தான். குழாயை மூடிட்டேன்.”

உள்ளே மிஷின் ஓடுவது நின்றது. கொஞ்சம் கழித்து மறுபடி ஓடியது.

“முன்னாடி ஆளுங்க நிக்கிறாங்கல்ல? வரிசையில வாங்க.”

அவன் வாசல் வரைக்கும் நடந்து போய்க் கடைசியில் நின்றுகொண்டான். வெயில் சுட்டது. அவனுக்கு முன்னால் நின்ற காற்று கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது.