சீட்டுக்கு அடியில் வைத்த காவல்

ஐப்பசி பிறந்ததிலிருந்து இது மூன்றாவது தடவை. மந்தைவெளி முனையில், கொட்டுகிற மழையில், வேன் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. தேவானை ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினாள். பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பாஞ்சாலி வாயைத் திறக்கவில்லை. தேவானைக்கு அந்த மௌனம்தான் பற்றிக்கொண்டு வந்தது.

இருவரும் ஓரகத்திகள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கிய வேன் அது. தம்பியைக் கடல் கொண்டுபோய் இரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து அண்ணன் பெண்டாட்டி தேவானை, தம்பி பெண்டாட்டி பாஞ்சாலியோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. பேச்சு நின்றாலும் பிழைப்பு ஒன்றுதான். நொச்சிக்குப்பத்தில் மீனை ஏலம் எடுத்து, செதில் போக்கி, துண்டு போட்டுப் பெட்டி கட்டுவது பாஞ்சாலி. வேன் ஓட்டுவது தேவானை. மீன் மொத்தமும் அடையாறில் ஷீலா நடத்தும் ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் போகும். ஷீலாவைப் பிடித்து வந்ததே பாஞ்சாலிதான். இன்றைக்கும் எட்டு மணி தாண்டினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக ஷீலா நேற்றே கறாராகச் சொல்லிவிட்டார். இப்போது மணி ஏழு.

இனாயத்தின் மெக்கானிக் ஷெட் அடுத்த சந்திலேயே இருந்தது. ஆளுக்கொரு பக்கமாக, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள்.

"பாய், வெயில் அடிச்சா நல்லா ஓடுது. தூறல் போட்டா படுத்துக்குது. பிளக்க மாத்திட்ட, காயில மாத்திட்ட. இன்னும் மாத்த இன்னா கீது?" என்றாள் தேவானை.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல பாய், ஓட்றவங்களக் கேளு" என்று கூரையைப் பார்த்துச் சொன்னாள் பாஞ்சாலி.

"வாயக் கழுவினு வந்து பேசச் சொல்லு பாய்."

"நான் இன்னா உங்க ரெண்டு பேருக்கும் போஸ்ட்மேனா?" என்று எரிந்து விழுந்துவிட்டு இனாயத் சீட்டைத் தூக்கினான். அந்த வேனுக்கு முன்சீட்டுக்கு அடியில்தான் எஞ்சின். எல்லாவற்றையும் காற்றடித்துக் காயவைத்துக் கிளப்பினான். சொன்னபடி கேட்டது. பிறகு இஸ்திரிக்காரர் வைத்திருக்கிற மாதிரி ஒரு பாட்டிலை எடுத்து, ஓடுகிற எஞ்சினில் ஒவ்வோர் இடமாகத் தண்ணீர் பீச்சினான். ஒயர்களில் பீச்சியதற்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று பிளக்குக்கும் கரன்ட்டைப் பிரித்து அனுப்புகிற கறுப்பு மூடியில் பட்டதுதான் தாமதம், வண்டி திக்கித் திணறி அணைந்தது.

மூடியைக் கழற்றினான். உள்ளேயும் வெளியேயும் வெள்ளைப் பொருக்கு. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினான்.

"உப்பு! வெயில்ல காஞ்சினு கம்முனு கெடக்கும். காத்துல ஈரம் ஏறுனா தண்ணி விட்டுக்கும். கரன்ட்டு பிளக்குக்குப் போவாம அதும் மேலயே ஓடிடும். அதான் மழைக்கு நிக்குது. ஆனா உப்பு எப்டி இங்க வந்துச்சி?"

தேவானைக்கு இனி என்ன சந்தேகம்? இத்தனை நாள் மனசுக்குள் வைத்துப் புழுங்கியதெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"கடல் தண்ணிய மொண்டு ஊத்திக்கீறா, வேற எப்டி வரும்? என் கொழுந்தன முழுங்குனது பத்தல, வண்டியையும் முழுங்கப் பாக்குறா!"

சொன்ன பிறகு அவளுக்கே நாக்கு கூசியது. ஆனால் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்கிற வழக்கம் தேவானைக்குக் கிடையாது. பாஞ்சாலி அழவில்லை. முகம் மட்டும் வெளுத்துப்போயிற்று.

"யாரும் ஊத்தலக்கா. மேலேர்ந்து சொட்டிக்கீது" என்ற இனாயத், தூக்கிய சீட்டின் அடிப்பக்கக் கம்பியிலிருந்து கறுப்பாக எதையோ பிடித்து இழுத்தான். "இத்தினி நாளா இத கரித்துணின்னு நெனச்சினு இருந்தேன்."

"அதத் தொடாத பாய்!" என்று தேவானை பாய்ந்து வந்தாள்.

அதற்குள் அந்தக் கறுப்புத் துணியின் முடிச்சு அவிழ்ந்து பக்கத்திலிருந்த பலகையில் கொட்டிவிட்டது. கசிந்து இளகிய கல்லுப்பு, ஊறிப்போன காய்ந்த மிளகாய், ஒரு பிடி மண். ஆடி மாதம் தேவானை தன் கையால் கட்டியது, பாஞ்சாலியின் கண் வண்டிமேல் படக் கூடாது என்று. முதல் மழைக்கு வண்டி நின்றபோது, பொல்லாத கண், இந்த உப்புக்கு அடங்கவில்லை என்று இன்னும் ஒரு பிடி சேர்த்தாள். இரண்டாம் தடவை நின்றதற்கு இரண்டு பிடி சேர்த்தாள்.

பாஞ்சாலி உப்பைப் பார்க்கவில்லை, மண்ணைப் பார்த்தாள். யார் கண்ணுக்குப் பயமோ அவர் காலடி மண்ணைத்தான் இதில் வைப்பார்கள் என்பது குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். மண்ணில் செங்கல் தூள் சிவப்பாகக் கலந்திருந்தது. மழைச்சேறு ஏறாமலிருக்க வாசலில் செங்கல்லை இடித்துக் கொட்டியிருப்பது பாஞ்சாலி வீட்டில் மட்டும்தான். கொட்டிக் கொடுத்தவன் அவள் புருஷன்.

"என் காலடி மண்ணாக்கா?"

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நேராகக் கேட்டாள். தேவானை கொட்டிய மண்ணைக் கையால் மூடப் பார்த்தாள்.

"இந்த சீட்டுக்குப் பின்னாலதான் தெனம் குந்தினு வந்தேன். வண்டி நிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கினு வந்தேன்."

அவ்வளவுதான் பேசினாள். இனாயத் மூடியைச் சுரண்டித் துடைத்துக் காயவைத்துக்கொண்டிருக்கும்போதே தெருவில் இறங்கி ஆட்டோவை நிறுத்தினாள். பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தானே தூக்கி ஏற்றினாள். தேவானை ஒரு பெட்டிக்குக் கை கொடுக்கப் போனாள். பாஞ்சாலி அதை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகு செல்போனில், "ஷீலா மேடம், எட்டுக்கு முன்னாடி வந்துருவேன். இனிமே நான் தனியாத்தான் வருவேன்" என்றாள்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு உள்ளிருந்து குரல் வந்தது.

"பாய், அவங்ககிட்ட சொல்லிடு. வண்டிய அவங்களே வச்சிக்கட்டும்."

இனாயத் காய்ந்த மூடியை மாட்டினான். சீட்டை இறக்கிவிட்டுச் சாவியைத் தேவானை கையில் கொடுத்தான்.

மழை இன்னும் வலுத்திருந்தது. அவள் வேனைத் தெருவுக்கு எடுத்து வந்தாள். கூரையில் தண்ணீர் கொட்டியும் எஞ்சின் ஒரு தரம்கூடத் தடுமாறவில்லை. இனி எந்த மழையிலும் அடையாறு வரைக்கும் நிற்காமல் போகலாம். கொண்டுபோக ஒரு மீன்கூட இல்லை.