பால் மட்டுந்தான்

சின்னப்பராஜ் சுவரில் பென்சிலால் பெரிய வட்டம் போட்டுவிட்டு, வெட்டாமல் நின்றான். மல்லசமுத்திரம் சாலையில் ராசப்பன் புதிதாகத் திறக்கும் மெஸ்ஸின் சமையல்கட்டு அது. விறகடுப்பின் புகைக்குழாய் இந்தச் சுவரைத் துளைத்துத்தான் போக வேண்டும். சுவரோ இரண்டு தகடுகளுக்கு நடுவே ஃபோம் அடைத்தது. குழாயைச் சுற்றி மாட்ட வேண்டிய தகரக் கூடு சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது.

"ஏம்ப்பா, இன்னும் ஓட்டை போடலியா? நல்ல நேரம் முடியப் போவுது. அடுப்பப் பத்த வெச்சுப் பால் காய்ச்சோணும்" என்றார் ராசப்பன்.

"கூடு வரட்டுங்க. பைப்புக்கும் ஃபோமுக்கும் நடுவுல எடம் வேணும். ஒட்டி வெச்சா உள்ளயே கனிஞ்சு பத்திக்கும். இல்லீன்னா அந்தச் செங்கல் சுவத்துல உடலாமுங்க."

"அது ரோட்டுப் பக்கம். புது போர்டு கரி புடிச்சுப் போவும். பைப்பு அளவுக்கு ஓட்டை போட்டு, சிமெண்டப் பூசி உடு."

ஃபோம் சுவருக்கு அந்தப் பக்கம் வேலையாட்கள் தங்கும் அறை. குழாய் அதன் மூலை வழியாகத்தான் கூரைக்கு ஏறும். அங்கே மெர்லின் ஏற்கெனவே பாயை விரித்து, துணி மூட்டையை வைத்திருந்தாள். சின்னப்பராஜின் தங்கை, புருஷன் போன பிறகு ஒண்ட இடமில்லாமல் அலைந்தவள். தங்குமிடத்தோடு இந்த மெஸ் வேலையைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்தவன் அவன்தான்.

"அண்ணா, மொத நாளே மல்லுக்கு நிக்காத" என்றாள் அவள், மெதுவாக.

"கூடு வர்ற வரைக்கும் பால் மட்டுந்தானுங்களே?" என்று ராசப்பனைக் கேட்டான் சின்னப்பராஜ்.

"பால் மட்டுந்தான்" என்றார் ராசப்பன்.

மனசே இல்லாமல் வட்டத்துக்குள் சின்ன ஓட்டையை வெட்டி, குழாயைச் செருகிச் சிமெண்ட் பூசினான்.

பால் பொங்கியது. எல்லார் முகமும் மலர்ந்திருந்தபோதே ராசப்பனின் மனைவி வசந்தாமணி சர்க்கரைப் பொங்கலுக்கு அண்டாவை ஏற்றச் சொன்னார். விருந்தாளிகள் வந்துவிட்டார்களே! ஆள் மாற்றி ஆள் விறகைத் திணித்தார்கள். அவன் வேண்டாம் வேண்டாம் என்றது யார் காதிலும் ஏறவில்லை.

பின்னறைக்கு ஓடிச் சுவரில் கை வைத்தவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பெயிண்ட் கொப்பளித்திருந்தது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம். அதன் அடியில் மெர்லினின் பாய். தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்து அடுப்பில் கொட்டினான். இன்னொரு குடத்தைச் சுவரில் ஊற்றினான்.

"நல்ல காரியத்தன்னிக்கு எரியற அடுப்புல தண்ணிய ஊத்திட்டியேடா!" வசந்தாமணியின் குரல் உடைந்தது.

"அந்தப் பக்கம் வந்து சுவத்தத் தொட்டுப் பாருங்கம்மா."

யாரும் போகவில்லை. ராசப்பனின் முகம் சிவந்துவிட்டது.

"உன்ற தங்கச்சியையும் கூட்டிட்டுக் கெளம்பு. மொத நாளே அபசகுனம்."

எதிரே பஸ் நிறுத்தத்தில் மூட்டையோடு இருவரும் நின்றபோது சேலம் பஸ் வந்தது. கண்டக்டர் தகரக் கூட்டை இறக்கிக் கொடுத்தார். சின்னப்பராஜ் ஒரு கணம் யோசித்தான். பிறகு ரோட்டைத் தாண்டிப் போனான்.

"இதயாவது மாட்டிருங்க. அந்த ரூம்புல யாராச்சும் படுப்பாங்கல்லங்க."

"வாசல்ல வெச்சுட்டுப் போ" என்றார் ராசப்பன்.

உள்ளே வசந்தாமணி, பந்தி பரிமாற வந்திருந்த பிரவீனாவிடம் அன்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "சாமி, இனி நீ இங்கயே தங்கிக்கலாம். உன்ற பாயக் கொண்டுபோயி பொறத்தால ரூம்புல போடு."

அவன் நிறுத்தத்துக்குத் திரும்புவதற்குள் தகரக் கூட்டைக் கவிழ்த்து, விருந்தாளிகளுக்கான தண்ணீர்ப் பானையை அதன் மேல் வைத்துவிட்டார்கள். கூரைக்கு மேலே புகை மறுபடியும் ஏறத் தொடங்கியிருந்தது.