தீயணைப்பு வண்டியை ஓட்டியவர் பெயர்

எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புக் குழுத் தலைவர் குராமோச்சிக்கு வாய் மட்டும்தான் பெரிது. என் மகன் தகுமா, செலவு குறைவு, படிக்கும் நாளும் குறைவு என்று ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் எடுத்தான். கியர் வண்டியை அவன் ஓட்டக்கூடாது, அதுதான் சட்டம். குழுவில் சேர்ந்த நாளிலிருந்து அந்த மனுஷன் அவனை விடவில்லை.

"கிளட்ச் மிதிக்கக் கால் இல்லையாடா உனக்கு? பொம்பளைங்க எடுக்கிற லைசென்ஸ்டா அது!"

கியர் லைசென்ஸ் வைத்திருக்கும் பன்னிரண்டு தடியன்களும் சிரிப்பார்கள். தூ!

டிசம்பர் மாதம் குழுவுக்கு மதிய விருந்து. அவசரத்துக்கு வண்டி எடுக்க ஒருவன் மட்டும் குடிக்காமல் இருக்க வேண்டும். சாக்கே என்கிற அரிசி மது ஒரு வாய் உள்ளே போனாலும் இங்கே ஸ்டியரிங்கைத் தொட முடியாது. குராமோச்சி யாரைக் குடிக்காமல் உட்கார வைத்தார் தெரியுமா? தகுமாவை! குழுவின் வண்டியோ கியர் வண்டி. பன்னிரண்டு மண்டைகளில் ஒன்றுக்கும் இது உறைக்கவில்லை. தகுமா சொல்ல வாயெடுத்திருக்கிறான். "சும்மா உக்கார்ற வேலைதானே, அதையாவது ஒழுங்கா செய்" என்று அடக்கிவிட்டார்.

அன்று மூன்று மணிக்கு என் ஆப்பிள் கிடங்கில் ஹீட்டர் கவிழ்ந்து தீப்பிடித்தது. உள்ளே ஒரு வருஷத்துப் பழம். நகரத்து வண்டி வர நாற்பது நிமிடம் ஆகும். குழுவின் வண்டி கூப்பிடு தூரத்தில்தான் நின்றது. ஓடினேன்.

அங்கே தகுமாவை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றிவிட்டு, சிவந்த மூஞ்சிகள் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தன. எஞ்சின் உறுமும், குலுங்கும், அணையும்.

"கிளட்சை மெதுவா விடுடா, முட்டாள்!"

"இறங்குடா தகுமா," என்றேன்.

குராமோச்சி தள்ளாடி வந்து குறுக்கே நின்றார். "தகுமா அம்மா, நீங்க குழுவுல இல்லையே. விதிமுறைன்னு ஒண்ணு..."

"என் கிடங்கு எரியுது. நகருய்யா!"

இருபத்தாறு வருஷமாகக் கியர் லாரியில் ஆப்பிள் ஏற்றிப் போகிறவள் நான். இந்த அறிவாளிகளில் ஒருத்தனுக்காவது என்னைக் கூப்பிடத் தோன்றியதா? வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனேன். பாதிக் கிடங்கு போயிற்று. பாதி தப்பியது.

மறுநாள் குராமோச்சி அறிக்கைத் தாளோடு வந்தார்.

"ஓட்டினவர் பேருன்னு ஒரு இடம் இருக்கு. என் பேரையே போட்டுக்கறேனே. வெளியாள் ஓட்டினாங்கன்னா குழுவுக்கு மானக்கேடு பாருங்க."

"தாராளமா போடுங்க. எத்தனை கிளாஸ் குடிச்சீங்கன்னும் பக்கத்துலயே எழுதுங்க. போலீஸ்காரங்க ஆசையா படிப்பாங்க."

அவர் முகம் வெளுத்தது. பேனாவைத் திறந்தார், தலையைச் சொறிந்தார், நெளிந்தார்.

"உங்க பேர்... என்ன?"

முப்பது வருஷமாக அடுத்த தோட்டத்துக்காரர்!

"யசுயோ," என்றேன். "நல்லா பெருசா எழுதுங்க."